மலையகத் தோட்டங்களும் அபின் நோய் மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதியோர் கோப்பியைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். சாராயக் குத்தகை, மதுவொழிப்பு இயக்கம் ஆகியன பற்றியும் ஆய்வுகள் உள. அபின் வாணிகமும் அதனைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டங்களும் அறிஞரின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின், அபினுக்கோ அதன் வழிவந்த பொருள்களுக்கோ அடிமைப்பட்ட ஒருவன் அதனின்று மீள விரும்பிய காலத்தில் எவரிடம் சென்றான், அம்மருத்துவரை அடைய எவ்வளவு தூரம் கடந்தான், அதன் செலவை எவர் ஏற்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. மருத்துவம் என்பது மருந்தினால் மட்டும் அமைவதன்று. மருத்துவனும் நோயாளியும் சந்திப்பதற்கு வழி இருத்தலும் அதன் ஒரு கூறாகும். இவ்வழி மத்திய மலைநாட்டின் தோட்டத் தொழிலாளருக்கு எவ்வாறு அமைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்த பூண்டுலோயா இவ்வாய்வுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். கொத்மலை ஓயாவுடன் கலக்கும் பூண்டலு ஓயாவின் பெயரால் வழங்கும் இவ்வூர், கோப்பிக் காலத்திலேயே தனியொரு தோட்டப் பகுதியாகக் கணிக்கப்பட்டது. டன்சினன், ஷீன், ஹெரோ முதலிய தோட்டங்கள் இதனைச் சூழ உள்ளன. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த இருப்புப்பாதை 1885இல் நானுஓயா வரை நீண்டபோதும் அது தலவாக்கலை வழியாகவே சென்றது. பூண்டுலோயா பள்ளத்தாக்கு அதற்கு அப்பால் ஒதுங்கியிருந்தது. ஒரு மருத்துவ வசதி தலைநகரில் தோன்றுவதற்கும் அது மலையகத்தின் லயத்து வாசலை எட்டுவதற்கும் இடையே உள்ள தொலைவை அளக்க இத்தகைய ஊரே தக்க அளவுகோலாகும்.

அபினும் அரசிறையும்

கசகசாச் செடியின் காயிலிருந்து வடியும் பாலே அபின். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்று மருத்துவ முறைகளும் அதனை வயிற்றோட்டத்துக்கும் வலிக்கும் உரிய மருந்தாகப் பயன்படுத்தி வந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மோர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதிலிருந்து 1874இல் உருவாக்கப்பட்ட பொருளொன்றை 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெரோயின் என்னும் பெயரில் இருமல் மருந்தாக விற்பனைக்கு விட்டது. இப்பொருள்களை நெடுநாள் உட்கொண்டவன் திடீரென நிறுத்துமிடத்து, உடல் நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், உறக்கமின்மை, தாங்கொணா வலி ஆகியவற்றுக்கு ஆளாகின்றான். மனவுறுதி மட்டும் இதற்குப் போதுமானதன்று. மருத்துவரின் துணை வேண்டப்படுவது இதனாலேயே.

பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கையில் அபினை முதற்கண் வருமானம் தரும் பண்டமாகவே நோக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரிமம் பெற்ற கடைகளில் அது பகிரங்கமாக விற்கப்பட்டது. இந்தியாவிலோ அபின் வருமானம் அரசின் தூண்களுள் ஒன்றாக விளங்கியது. இதற்கெதிராக இங்கிலாந்தில் எழுந்த கண்டனத்தின் விளைவாக 1893இல் பிராசி பிரபுவின் தலைமையில் அரச ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1895இல் வெளிவந்த அதன் அறிக்கை, இந்திய மக்கள் அபினைப் பெரும்பாலும் அளவோடு பயன்படுத்துகின்றனர் என்றும், அதனைத் தடைசெய்ய வேண்டியதில்லை என்றும் கூறிற்று. சென்னை மாகாணத்தில் கோதாவரிப் பகுதி போன்ற சில இடங்கள் நீங்கலாக அபின் பழக்கம் மிகுதியாக இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பிய திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்கள் அபின் மிகுந்த பகுதிகள் அல்ல. எனவே மலையகத் தமிழர் இப்பழக்கத்தைத் தாயகத்திலிருந்தே கொண்டுவந்தனர் என எவரேனும் கருதின் அது பொருந்தாது. தோட்டத்தில் பெருகிய போதை சாராயமே.

1906ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் மக்கள் சபை, சீனாவுடனான இந்திய அபின் வாணிகம் அறநெறியால் நியாயப்படுத்த முடியாதது எனத் தீர்மானித்தது. இதன் அலை இலங்கையையும் எட்டியது. 1907இல் இங்கு அபின் பற்றி ஆராயக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதன் அறிக்கை வெளிவந்தது. அதனையொட்டி 1910இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு மூன்று கூறுகளை உடையது. உரிமம் பெற்ற கடைகள் ஒழிக்கப்பட்டன. அபின் இறக்குமதி அரசின் தனியுரிமையாயிற்று. பழக்கத்துக்கு அடிமைப்பட்டோரும் அபின் கலந்த மருந்து வழங்கும் வெதராளமாரும் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, அவர்களுக்கு மாத்திரம் அளவறுத்து அபின் வழங்கப்பட்டது. ஜப்பானியர் 1890களின் பிற்பகுதியில் தைவான் தீவில் தொடங்கிய பதிவு முறையை இது ஒத்திருந்தது.

இவ்வேற்பாட்டின் சிறப்பினை மறுத்தலாகாது. அடிமைப்பட்டவனைக் குற்றவாளியாகத் தண்டியாது, அவனுக்கு வேண்டிய பொருளை மருத்துவத் துறையின் கண்காணிப்பில் வழங்க அது முயன்றது. எனினும், பதிவு பெற்றவனை அப்பழக்கத்தினின்று மீட்பது அதன் குறிக்கோளாக அமையவில்லை. பதிவேட்டில் உள்ளோர் காலப்போக்கில் இறந்தொழிய, பழக்கமும் அவர்களோடு ஒழியும் என்பதே எதிர்பார்ப்பாக இருந்தது. மேலும், பதிவு என்பது தன் விருப்பப்படி அரசாங்க அலுவலகத்துக்கோ மருந்துசாலைக்கோ சென்றுவரக் கூடிய மனிதனையே கருத்திற் கொண்டது. தோட்டத் தொழிலாளி அத்தகைய மனிதனாக இருந்தானா என்பது அடுத்து நோக்கற்பாலது.

தோட்டத்து வைத்தியம்

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த தொழிலாளர் வழியிலேயே காலராவுக்கும் அம்மைக்கும் பலியாயினர். உயிர் தப்பி வந்தோரும் காய்ச்சலாலும் வயிற்றுளைச்சலாலும் நலிந்தனர். நோயுற்றவனை மருத்துவமனைக்கு அனுப்புவதும் அனுப்பாது விடுவதும் துரையின் விருப்பமாகவே இருந்தது. இந்நிலையை மாற்றும் நோக்குடன் 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட உரிமையாளரிடம் வரி அறவிட்டு மருத்துவ வசதி செய்யும் இவ்வேற்பாடு 1880களின் தொடக்கத்தில் மாற்றியமைக்கப்பட்டு, விளைபொருள் ஏற்றுமதி மீதான தீர்வையோடு இணைக்கப்பட்டது. மாவட்ட வைத்திய அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். நோயாளிகளைப் பற்றி அவர்களுக்கு அறிவிப்பது தோட்டத் துரையின் கடமையாயிற்று.

1912இல் இச்சட்டம் மீண்டும் விரிவாக்கப்பட்டது. சொந்தமாக மருத்துவமனையோ மருந்துசாலையோ நடத்திய தோட்டங்களுக்கு மருத்துவத் தீர்வையின் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியும், தொழிலாளரால் 'டாக்டர் ஐயா' என அழைக்கப்பட்ட மருந்தாளரும் மலையகமெங்கும் பரவியமைக்கு இது முக்கிய காரணமாகும். இவ்வாறு நோக்குமிடத்து, இலங்கையின் கிராமங்கள் பலவற்றுக்கு இல்லாத வசதி தோட்டத்துக்கு இருந்தது எனலாம். ஆயின் அவ்வசதியின் இயல்பு யாது? மருந்தாளருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். வேலைக்குத் தகுதியற்றவன் எவன் எனக் கூற வேண்டியவரும் அவரே. தொழிலாளியின் உடலைப் பேணுவதும் தோட்டத்தின் வேலை நாளைக் காப்பதும் ஒரே மனிதரின் கையில் இருந்தன.

நோயாளி மருந்தாளரை அடைய வேண்டின் அதிகாலையில் பெரட்டுக் களத்திலேயே தன் நோயை வெளியிட வேண்டியிருந்தது. கங்காணி அறிவான், கணக்கப்பிள்ளை அறிவான், அன்று அவனுக்குப் பேர் விழாது, பேர் விழாதவனுக்குக் கூலியும் இல்லை. அவனோ ஏலவே பெரிய கங்காணியிடம் முன்பணக் கடனில் மூழ்கியவன். தோட்டத்தைவிட்டுப் பிறிதோரிடம் செல்ல அவன் கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். இத்துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டின் தொழிற் சட்டமோ அனுமதியின்றி வேலையை விட்டகன்றவனைச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது. காய்ச்சல் போன்ற வெளிப்படையான நோய்க்கே நிலை இவ்வாறாயின், மறைத்தற்குரியதாகக் கருதப்பட்ட போதைப் பழக்கத்துக்கு மருத்துவம் நாடுதல் எங்ஙனம் இயலும்?

அபின் தோட்டத்துள் மற்றொரு வாயிலாகவும் புகுந்தது என்பது சுவையான செய்தியாகும். அக்காலத் துரைமாரின் மருந்துப் பெட்டியில் கொயினாவுக்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் அருகே குளோரடைன் என்னும் மருந்தும் இருந்தது. இந்தியப் படையில் பணியாற்றிய கொலிஸ் பிரவுண் என்னும் மருத்துவர் காலராவுக்கென ஆக்கிய இம்மருந்தில் அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரபோம் ஆகியன கலந்திருந்தன. வயிற்றோட்டத்தால் துடித்தவனுக்கு அது உண்மையில் ஆறுதல் தந்தது. பேரரசு ஒரு கையால் அபின் கடையை மூடும் சட்டத்தை இயற்றிய காலத்தில், மறுகையால் அபின் மருந்தைத் துளித்துளியாக வழங்கியது. இதில் முரண்பாடு இருப்பினும் வஞ்சகம் இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. அபின் மருந்தாவதும் நஞ்சாவதும் அதனை அளந்து கொடுப்பவரைப் பொறுத்தது. தோட்டத்தில் அளந்து கொடுத்தவர் பலவேளைகளில் மருத்துவம் கல்லாத துரையே.

சட்டத்தின் மாற்றமும் மக்களின் நிலையும்

1909இல் ஷாங்ஹாயில் கூடிய அபின் ஆணைக்குழு, 1912ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை ஆகியன உலக நாடுகளைப் பொதுவானதொரு கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தன. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இதன் பயனாக எழுந்தது. திருத்தங்கள் பல கண்டபோதிலும் அடிப்படைச் சட்டமாக நிலைத்து நிற்பது அதுவே. அச்சட்டத்தின் பெயரிலேயே அக்காலச் சிந்தனையைக் காணலாம். பொருள்கள் அதில் பெயர் பெறுகின்றன. அவற்றுக்கு அடிமைப்பட்ட மனிதன் பெயர் பெறவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் இலவச மருத்துவம் நாட்டின் பெருமைக்குரிய சாதனையாயிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அரசாங்க மருத்துவமனையின் கதவு அவர்களுக்குச் சட்டப்படி மூடப்பட்டிருக்கவில்லை. எனினும் அவர்களின் அன்றாட மருத்துவம் தோட்டத்தின் பொறுப்பாகவே எண்ணப்பட்டு, பொதுச் சுகாதார சேவையினின்றும் ஒதுங்கியே நின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் முயற்சி 1990களிலிருந்து படிப்படியாக நடைபெற்றது. பிரதேச சபைகள் தோட்டப்புறங்களுக்குச் செலவிடுவதற்கு இருந்த தடை நீங்கியது 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினாலேயே. இவ்வூழிமாற்றங்களுக்கிடையிலும் தோட்ட மருத்துவ உதவியாளரே தொழிலாளி முதலிற் காணும் வைத்தியராகப் பல இடங்களில் நீடித்தார்.

ஹெரோயினும் புதிய சட்டங்களும்

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் இலங்கையில் வேரூன்றியது. அரசின் மறுமொழி விரைவாக வந்தது. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அதே ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக்கி, குறித்த அளவுக்கு மேற்பட்ட ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனையோ ஆயுட் சிறையோ விதிக்க வழிசெய்தது. சபை, தண்டனைக்கு அப்பாற் சென்று தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் சிகிச்சை நிலையங்களையும் அமைத்தது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், விரும்பி வருவோருக்கும் நீதிமன்றத்தால் அனுப்பப்படுவோருக்கும் சிகிச்சை வழங்குவதையும், தனியார் நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதையும் ஒழுங்குபடுத்தியது. அடிமைப்பட்டோரை நோயாளராக நோக்கும் எண்ணம் சட்டத்தில் இடம்பெற்றமை பெரும் முன்னேற்றமாகும்.

ஆயினும் இரு நோக்குகள் இன்றும் போராடுகின்றன. 2022இல் கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தின் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தங்களுடன் அது 2023 ஜனவரியில் நிறைவேறியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய 'யுக்திய' என்னும் பொலிஸ் நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைது செய்யப்பட்டனர். கதவு தட்டுபவர் பொலிஸாராக இருக்கக்கூடும் என்னும் அச்சம் உள்ள இடத்தில், நோயாளி தானாக முன்வந்து மருத்துவரின் கதவைத் தட்டுவான் என எதிர்பார்த்தல் அரிது.

தூரமும் செலவும்

இப்போது மீண்டும் பூண்டுலோயாவுக்கு வருவோம். இவ்வூரில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பேற்றுக்கும் அது உதவும். ஆனால் தங்கியிருந்து போதை நீக்கம் பெற வேண்டிய ஒருவர் கண்டி போன்ற தூர நகரமொன்றையே நாட வேண்டியுள்ளது. மேல்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து முதலில் பூண்டுலோயா நகருக்கு இறங்க வேண்டும். அதன்பின் பேருந்து மாறி மாறிச் செல்ல வேண்டும். நடுக்கமும் வாந்தியும் கொண்ட நோயாளியைத் தனியே அனுப்ப இயலாது. உடன் ஒருவர் செல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். அவரும் கொழுந்து பறிப்பவராயின் அவருடைய பேரும் அன்று விழாது.

அரசாங்க மருத்துவம் கட்டணமற்றது என்பது உண்மையே. ஆயின் கட்டணமின்மை செலவின்மை ஆகாது. தேயிலைத் தொழிலாளரின் நாளொன்றுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பின்னைய வீதப்படி மாதம் 25 நாள் பேர் விழுமெனக் கொள்ளின், ஒரு மாதச் சிகிச்சைக்காகத் தொழிலாளி இழப்பது 33,750 ரூபா. உடன் செல்பவர் ஐந்து நாள் வேலையை விடின் மேலும் 6,750 ரூபா. போக்குவரத்தும் உணவும் இக்கணக்கில் அடங்கா. தனியார் நிலையத்தை நாடுவோர்க்குக் கட்டணமும் இதனோடு சேரும். கோப்பிக் காலத்துத் தொழிலாளி நோயை வெளியிட்டபோது ஒரு நாட்கூலியை இழந்தான்; அவன் வழிவந்தோனும் அவ்விலையையே, மேலும் பல நாட்களுக்கு, செலுத்த வேண்டியவனாகின்றான்.

செலவோடு மொழியையும் மானத்தையும் சேர்த்தெண்ண வேண்டும். போதை நோய்க்கான மருத்துவத்தில் பாதி மருந்தாயின் மறுபாதி உரையாடலாகும். நோயாளி தன் நெஞ்சிலுள்ளதைத் தாய்மொழியிற் கூற இயலாதவிடத்து அவ்வுரையாடல் நிகழாது. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயத்து வாழ்க்கையிலோ எவரும் அறியாது மருத்துவம் பெறுதல் அரிதினும் அரிது. மகனின் பழக்கம் வெளிப்படின் மகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சும் தாய், நோயை மறைப்பதையே அன்பின் கடமையாக எண்ணுகின்றாள்.

பிற நாடுகள் இச்சிக்கலுக்குக் கண்ட விடைகள் இரண்டு இங்குக் குறிக்கத்தக்கன. 1960களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் மருத்துவ அறிஞர் மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து ஹெரோயின் நோயாளரை இயல்பு வாழ்வுக்குத் திருப்பலாம் எனக் காட்டினர். 1970களில் ஹொங்கொங் அரசு இதனைப் பெருந்திட்டமாக்கி, மக்கள் வாழும் பகுதிகளிலேயே மருந்தகங்களைத் திறந்து, ஒரு வருகைக்கு ஒரு டொலர் மட்டுமே பெற்றது. வேலைக்குப் போகும் வழியில் மருந்து பெற்றுச் செல்லலாம் என்பதே அதன் வெற்றிக்கு அடிப்படை. மெதடோனும் புப்ரெனோபினும் 2005இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன.

மற்றைய விடை தமிழகத்திலிருந்து வருகின்றது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய ரி. ரி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், மது, போதை ஆகியவற்றுக்கான சிகிச்சையிற் பெயர்பெற்றது. கிராமத்தவர் சென்னைக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெறுவதன் இடரை உணர்ந்த அந்நிறுவனம், 1989இல் மஞ்சக்குடி என்னும் ஊரில் முகாம் அமைத்து, மது நோயாளருக்கு அவர்தம் ஊர்ப்புறத்திலேயே சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. ஊரவர் பொறுப்பிற் பங்கேற்றனர், குடும்பத்தவர் உடனிருந்தனர், சிகிச்சை முடிந்த பின்னும் நோயாளி தொடர்ந்து கவனிக்கப்பட்டார். மலையகத் தொழிலாளரின் முன்னோர் புறப்பட்டு வந்த தஞ்சை மண்ணில் இவ்வெளிய முறை நடைமுறைக்கு வந்தமை நமக்குப் பாடமாகும்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, 1910ஆம் ஆண்டின் பதிவேடும் 1929ஆம் ஆண்டின் சட்டமும் 1984, 2007ஆம் ஆண்டுகளின் ஏற்பாடுகளும் தத்தம் காலத்தில் ஓரடி முன்னே வைத்தன. ஆனால் அவை யாவும், நோயாளி தானே நடந்து வரக்கூடியவன், வேலையை விட்டு வரக்கூடியவன், தன் பெயரை வெளியிடக்கூடியவன் என்னும் எண்ணத்தின்மீது எழுந்தன. தோட்டத் தொழிலாளி இம்மூன்றும் அரியவனாக இருந்தான் என்பதே மலையக வரலாறு கூறும் செய்தி. ஒன்றரை நூற்றாண்டாகத் தோட்டத்துள் மருத்துவர் இருந்தும், அவரைத் தன் விருப்பப்படி நாடும் உரிமை தொழிலாளிக்கு முழுமையாகக் கிட்டவில்லை.

இக்குறை நீங்க மாளிகை போன்ற நிலையங்கள் வேண்டியதில்லை. பூண்டுலோயா போன்ற ஊர்களின் வைத்தியசாலையில் வாரத்தில் ஒருநாள் தமிழறிந்த மருத்துவரும் ஆலோசகரும் அமர்தல் வேண்டும். மற்றைய நோயாளரோடு வரிசையில் நின்று ஐயம் எழாவண்ணம் அவரைக் காண வழி வேண்டும். சிகிச்சை நாட்களைச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறையாகத் தோட்ட நிருவாகங்கள் ஏற்றல் வேண்டும். 1872இல் தொழிலாளியின் காய்ச்சலுக்குத் தோட்டமும் அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கை புதிதாகவே தோன்றியது. பின்னர் அது இயல்பாயிற்று. போதை நோய்க்கும் அக்கொள்கையை விரித்தல் புதுமையன்று. தொடங்கிய பணியைத் தொடர்தலேயாகும். பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் சமூகவியலும் உளவியலும் கற்கும் மலையகத்து மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகிவரும் இக்காலத்தில், அப்பணிக்கு வேண்டிய மனிதர் இல்லையெனக் கூறவும் இயலாது.